டொரன்டோ குவேசைடு கைவிடப்பட்டது பணத்தாலா, எதிர்ப்பாலா?

அளவுகோல்:
திறன்மிகு நகரங்களையும் (ஸ்மார்ட் சிட்டி) அறநெறி சார்ந்த செயற்கை நுண்ணறிவையும் ஆய்வு செய்யும் நகரத் திட்டமிடல் பேராசிரியர் ஒருவர், "டொரன்டோவில் அறம் வென்றது, நிறுவனம் தோற்றது" என்று தம் உரையில் சொன்னதை இங்கே பலரும் கொண்டாடிப் பகிர்வதைப் பார்த்து எரிச்சலோடுதான் எழுதுகிறேன். கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் குழுமத்தைச் சேர்ந்த சைடுவாக் லேப்ஸ் 2017 அக்டோபரில் கனடாவின் டொரன்டோ ஏரிக்கரையில் குவேசைடு என்ற 12 ஏக்கர் நிலத்தில் உணரிகள் (சென்சார்கள்) நிறைந்த புதிய குடியிருப்பை அமைக்கத் தேர்வானது. 2020 மே 7 அன்று விலகியது. விலகிய நாளில் அதன் தலைவர் டேனியல் டாக்டரோஃப் வெளியிட்ட அறிக்கை, உலகெங்கிலும், டொரன்டோ வீட்டுமனைச் சந்தையிலும் நிலவிய பொருளாதார நிச்சயமின்மையைத்தான் காரணமாகச் சொல்கிறது. பெருந்தொற்றால் கணக்கு உதைத்தது, நிறுவனம் கிளம்பியது. இதை அறத்தின் வெற்றி என்று மாணவர்களுக்குக் கற்பிப்பது பிழை.

நடைபாதை:
அந்த அறிக்கையை நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள், ஐயா. திட்டத்தின் அடிப்படைக் கூறுகளை விட்டுக்கொடுக்காமல் 12 ஏக்கர் திட்டத்தை நிதியளவில் தாக்குப்பிடிக்கச் செய்வது மிகக் கடினமாகிவிட்டது என்பதுதான் அதன் சாரம். அந்த 12 ஏக்கர் எங்கிருந்து வந்தது? 2019 ஜூனில் அவர்கள் அளித்த ஏறத்தாழ 1,500 பக்கத் திட்ட ஆவணம் 190 ஏக்கர் வரை கை நீட்டியது. அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று வாட்டர்ஃபிரன்ட் டொரன்டோ என்ற பொது அமைப்பு அதை மீண்டும் 12 ஏக்கருக்குள் அடக்கியது. தரவை ஆள்வதற்கென நிறுவனம் முன்மொழிந்த தனி அறக்கட்டளையும் கைவிடப்பட்டது. அந்த ஆண்டு முழுவதும் தெருவிலும் கூட்டங்களிலும் மக்கள் கேள்வி கேட்டிராவிட்டால் இது நடந்திருக்குமா?

அளவுகோல்:
அக்டோபர் 31-க்குப் பிறகும் நிறுவனம் 12 ஏக்கரை ஏற்றுக்கொண்டு ஆறு மாதம் வேலை செய்ததே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? எதிர்ப்பு கொன்றிருந்தால் அன்றே செத்திருக்க வேண்டும். இன்னொன்றையும் நினைவுபடுத்துகிறேன். 2019 பிப்ரவரியில் எதிர்ப்பு இயக்கம் சூடு பிடித்தது, அந்தப் பகுதியின் சொத்து வரி வருவாயில் நிறுவனம் பங்கு எதிர்பார்க்கிறது என்ற செய்தி நாளிதழில் வெளியான பிறகுதான். வரியில் பங்கு என்பது பணம். தொடக்கமும் பணம், முடிவும் பணம். மே 7 அறிக்கையை மீண்டும் படியுங்கள்.

ஊர்க்குருவி:
பொது வருவாயைத் தனியாருக்குத் தரலாமா என்பது உங்களுக்கு அறக்கேள்வியாகவே படவில்லை என்றால் உங்களோடு பேசுவதே சிரமம். ஆன் கவுகியனை எப்படி மறந்தீர்கள்? ஒன்டாரியோ மாகாணத்தின் தகவல், அந்தரங்கப் பாதுகாப்பு ஆணையராக 2014 வரை இருந்தவர். இந்தத் திட்டத்துக்கு சைடுவாக் லேப்ஸே அழைத்து வைத்துக்கொண்ட ஆலோசகர். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. கம்பத்தில் இருக்கும் உணரி தெருவைக் கடப்பவரைப் படம்பிடித்தால், முகமும் அடையாளமும் அந்தக் கருவிக்குள்ளேயே, அந்த நொடியிலேயே அழிக்கப்பட வேண்டும். "ஒருவர் கடந்தார்" என்ற எண்ணிக்கை மட்டுமே வெளியே போக வேண்டும். முதலில் சேமித்துவிட்டுப் பிறகு அழிப்போம் என்பதற்கும் இதற்கும் உள்ள இடைவெளியில்தான் ஒரு மனிதரின் அந்தரங்கமே இருக்கிறது. தரவு திரட்டும் பிற நிறுவனங்களை அப்படிக் கட்டாயப்படுத்த முடியாது என்று தெரிந்ததும், 2018 அக்டோபரில் அவர் பதவி விலகினார். அன்றே அந்தத் திட்டத்தின் மீதிருந்த நம்பிக்கை போய்விட்டது.

அளவுகோல்:
அவர் விலகிய பிறகு திட்டம் ஒன்றரை ஆண்டுக்கு மேல் நடந்தது. நம்பிக்கை போனதாம், திட்டம் மட்டும் போகவில்லையாம்! காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை ஆய்வு முடிவாக மாற்றுகிறீர்கள். கவுகியன் கேட்டது சரி என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் சரியானதைச் சொன்னவர் பக்கம்தான் வெற்றியும் இருந்தது என்று நீங்களும் அந்தப் பேராசிரியரும் முடிவுகட்டுவதைத்தான் மறுக்கிறேன். மே 7 அறிக்கையில் அந்தரங்கப் பாதுகாப்பு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டிருந்தால் காட்டுங்கள்.

தொடக்கநிலை:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். "அறநெறி சார்ந்த செயற்கை நுண்ணறிவு" என்று நீங்கள் ஒவ்வொருவரும் எதைக் குறிப்பிடுகிறீர்கள் என்பதை முதலில் சொன்னால் என்னைப் போன்றவர்களுக்கு விளங்கும்.

நடைபாதை:
விலகும் எந்த நிறுவனமாவது "மக்கள் எங்களை விரட்டினார்கள்" என்று அறிக்கை எழுதுமா? நிறுவனத்தின் வாக்குமூலத்தையே சான்றாக வைத்து நிறுவனத்தின் தரப்பைப் பேசுவது அளவுகோல் அவர்களின் பழைய வழக்கம். முன்பு அமெரிக்க நகரமான பிட்ஸ்பர்க் பற்றிய விவாதத்திலும் இதையே செய்தார். 2012-இல் 9 சந்திப்புகளில் வாகன வரத்துக்கேற்ப மென்பொருளே நேரத்தை மாற்றும் போக்குவரத்து விளக்குகளைச் சோதித்தபோது வாகனங்களின் பயண நேரம் கால் பங்கு குறைந்ததைக் காட்டி, நகரம் முழுவதற்கும் அதுவே தீர்வு என்றார். சாலையைக் கடக்கக் காத்து நிற்கும் முதியவரை அந்த மென்பொருள் கணக்கில் எடுத்துக்கொள்கிறதா என்று கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை.

அளவுகோல்:
பதில் அங்கேயே எழுதினேன். உங்களுக்குப் பிடித்த பதில் அல்ல என்பதால் இல்லை என்று ஆகிவிடாது. நான் எந்த நிறுவனத்தின் தரப்பும் அல்ல, அப்படிச் சொல்வதைத் திரும்பப் பெறுங்கள். குவேசைடின் 12 ஏக்கரைப் பற்றிப் பேசும்போது பிட்ஸ்பர்க்குக்கு ஓடுவது ஏன்?

தெருவிளக்கு:
டொரன்டோவிலேயே மோதிக்கொண்டிருக்கும் இருவரும் அமெரிக்காவின் சான் டியாகோ நகரத்தைப் பாருங்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்தவும் போக்குவரத்தை அளக்கவும் என்று சொல்லி 2016-இல் ஒப்புதல் வாங்கி, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தெருவிளக்குகளில் கேமராவைப் பொருத்தினார்கள். அந்தப் பதிவுகளைப் பின்னர் காவல்துறை விசாரணைகளுக்கு எடுத்துக்கொண்டது. பொதுமக்கள் கொதித்தெழுந்த பிறகு, 2020-இல் மேயர் அவற்றை அணைக்கச் சொன்னார். எதிர்ப்பு வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அளவுகோல்:
கதையை 2020-இலேயே நிறுத்துகிறீர்கள். 2023-இல் அதே நகரத்தின் மன்றம், வாகன எண்ணைப் படிக்கும் வசதியோடு, காவல்துறைக்குத் தெருவிளக்குக் கேமராக்களை மீண்டும் அனுமதித்தது. உங்கள் சான்று என் பக்கம்தான் வந்து நிற்கிறது. எதிர்ப்பு காலம் தாழ்த்தும். வேண்டுமென்றால் விலையை ஏற்றும். தடுத்து நிறுத்துவது சட்டமும் வரவுசெலவும்தான். ஒரு பேராசிரியர் தம் மாணவர்களிடம், "நீங்கள் குரல் கொடுத்தால் போதும், அறம் வெல்லும்" என்று சொல்லி அனுப்பினால், அந்த மாணவர் நாளை ஒரு நகராட்சியில் அமர்ந்து கேமரா ஒப்பந்தத்தைப் படிக்கும்போது, தரவு யாருக்குச் சொந்தம், எத்தனை நாளில் அழிக்கப்படும், வேறு துறைக்குக் கொடுக்கலாமா என்ற பிரிவுகளைத் தேடவே மாட்டார். சான் டியாகோவில் தவறியது அங்கேதான். எனக்குக் கோபம் வருவதும் அதனால்தான்.

ஊர்க்குருவி:
சட்டம் வானத்திலிருந்து விழுவதில்லை. நெதர்லாந்தில் சிரி (SyRI) என்ற, அரசு நலத்திட்ட மோசடியைக் கண்டறியும் மென்பொருளை, ராட்டர்டாம் உள்ளிட்ட நகரங்களில் வருமானம் குறைந்தவர்கள் வாழும் வட்டாரங்களின் மீது ஏவினார்கள். குடிமக்கள் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. 2020 பிப்ரவரி 5 அன்று ஹேக் மாவட்ட நீதிமன்றம், அது ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 8-ஆம் பிரிவை மீறுகிறது என்று தீர்ப்பளித்தது. குரல்தான் வழக்காகி, வழக்குதான் தீர்ப்பானது.

அளவுகோல்:
அது நலத்திட்ட மோசடியைத் தேடும் மென்பொருள். நகரத் திட்டமிடலோடு அதற்கு என்ன தொடர்பு?

ஊர்க்குருவி:
எந்தத் தெருவில் வாழ்கிறார் என்பதை வைத்து ஒருவரைச் சந்தேகிக்கும் கருவிக்கு நகரத்தோடு தொடர்பில்லை என்கிறீர்களா?

நடைபாதை:
அவர் அப்படித்தான் சொல்வார். 190 ஏக்கர் 12 ஆனது யாரால் என்ற கேள்விக்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை என்பதை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்.

அளவுகோல்:
வாட்டர்ஃபிரன்ட் டொரன்டோவின் இயக்குநர் குழுவால். குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குழு எதற்கு அஞ்சி அப்படிச் செய்தது என்பதற்கு உங்களிடம் உள்ள ஆவணத்தை இங்கே வையுங்கள்; பிறகு பேசுவோம்.