பச்சை முட்டை மயோனைஸுக்குத் தடை: எதைத் தின்பது என்பதை அரசு முடிவு செய்யலாமா?

கரந்தையான்:
பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தயாரிக்கவும், இருப்பு வைக்கவும், விற்கவும் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. கேரளம் 2023 ஜனவரியிலும் தெலங்கானா 2024 அக்டோபரிலும் இதையே செய்தன. நான் மயோனைஸ் பிரியன் அல்லன். கிரில் சிக்கனைக் காட்டிலும் அந்த வெள்ளை விழுதை அதிகமாகத் தின்பவன் என் மகன்தான். என் கேள்வி வேறு. மஞ்சள்கரு ஒழுக ஒழுக ஆஃபாயில் தின்பவரை யாரும் தடுப்பதில்லை, பெட்டிக்கடையில் சிகரெட் தாராளமாகக் கிடைக்கிறது, மதுக்கடையை அரசே நடத்துகிறது. அப்படியிருக்க, வயது வந்த ஒருவர் தெரிந்தே ஏற்றுக்கொள்ளும் சிறிய ஆபத்தில் மட்டும் அரசு தலையிடுவது எந்த வகையில் நியாயம்?

கரிஅடுப்பு:
ஆறு ஆண்டுகளாக ஷவர்மா கடை நடத்துகிறேன். தடைக்கு முன்பு காலை பதினொரு மணிக்கு மிக்ஸியில் முட்டைகளை உடைத்து ஊற்றி, பூண்டு, உப்பு, சர்க்கரை, எலுமிச்சைச் சாறு சேர்த்து, எண்ணெயை நூல் போல் விட்டு அரைப்போம். கெட்டியானதும் பாட்டிலில் நிரப்பி, கைக்கு எட்டும்படி அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுவோம். இரவு பத்து மணிக்குத் தொட்டால் பாட்டில் வெதுவெதுப்பாக இருக்கும். இது எப்போது அரைத்தது என்று வாடிக்கையாளர் ஒருவர்கூடக் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. இப்போது முட்டையில்லாத பாக்கெட் மயோனைஸ் வாங்குகிறேன். செலவும் கூடியிருக்கிறது, இனிக்கிறது என்ற புகாரும் வருகிறது. குளிர்பெட்டி வைத்து ஒழுங்காகத் தொழில் செய்தவரையும் என்னைப் போன்றவரையும் ஒரே தராசில் நிறுத்திவிட்டார்கள் என்ற வருத்தம் மட்டும் எனக்கு உண்டு.

நுண்ணோக்கி:
ஆஃபாயிலோடு இதை ஒப்பிடுவது பொருந்தாது. அங்கே ஒரு முட்டை, அதைத் தின்பவர் ஒருவர். அடுப்பிலிருந்து இறங்கிய சில நிமிடங்களில் தட்டும் காலியாகிவிடும். மயோனைஸிலோ பல முட்டைகள் ஒன்றாகக் கலக்கின்றன. அவற்றில் ஒன்றில் மட்டும் சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி இருந்தாலும் அன்று சாப்பிட வரும் அத்தனை பேருக்கும் அது பங்கு போடப்படுகிறது. எலுமிச்சையின் புளிப்பு போதாமல் வெதுவெதுப்பும் சேர்ந்துகொண்டால், கிருமி பெருகுவதற்கு மாலைக்குள் வேண்டிய அவகாசம் கிடைத்துவிடும். ஓட்டைக் கழுவினால் போதும் என்பாரும் உண்டு. ஆனால் இந்தக் கிருமியின் ஒரு வகை, கோழியின் சினைப்பையிலிருந்தே, அதாவது ஓடு உருவாகும் முன்பே, முட்டைக்குள் புகுந்துவிடக்கூடியது. முட்டைக் கலவையை ஏறக்குறைய 60 டிகிரியில் சில நிமிடங்கள் வைத்துப் பாஸ்டரைஸ் செய்தால் முட்டையும் வேகாது, கிருமியும் அழியும். இன்னொன்று: இந்தத் தடை கடைக்குத்தான், உங்கள் வீட்டு மிக்ஸிக்கு அல்ல.

வாய்தா:
சட்டப் பக்கத்தையும் பார்ப்போம். உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006-இன் 30(2)(அ) பிரிவு, பொதுச் சுகாதார நலன் கருதி ஓர் உணவை அதிகபட்சம் ஓராண்டுக்குத் தடைசெய்ய மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு அதிகாரம் தருகிறது. இதே பிரிவைக் கொண்டுதான் 2013 முதல் குட்காவுக்கு ஆண்டுதோறும் தடை நீட்டிக்கப்பட்டது. அவசரத்துக்குத் தந்த அதிகாரத்தை நிரந்தரத் தடையாக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் அந்தத் தடை ஆணையை ரத்து செய்தது; ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. என் கவலையும் இதுதான். மயோனைஸ் தடையில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் ஓராண்டு முடிந்ததும் அதையே புதுப்பிப்பதற்குப் பதிலாக, பாஸ்டரைஸ் செய்த முட்டை, தயாரித்த நேரம் எழுதிய பாட்டில், குளிர்பெட்டி என்று நிரந்தர விதியாக்கினால், மேலே எழுதிய கடைக்காரரின் வருத்தமும் தீரும். 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயைத் தடை செய்தபோது சிக்கல் இவ்வளவு இல்லை. துணிக்குச் சாயமேற்றும் ரோடமின்-பி உணவில் எந்த அளவிலும் இருக்கக் கூடாது என்பதில் வாதத்துக்கே இடமில்லை.

கரந்தையான்:
ஆஃபாயில் வாதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சிகரெட்டுக்கும் மதுவுக்கும் இங்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன். ஆனால் தெரிந்தே ஏற்கும் ஆபத்து என்று நான் எழுதியதில் எனக்கே இப்போது ஐயம் வந்துவிட்டது. நேற்று மகனோடு போன கடையில், இது முட்டை சேர்த்ததா, சேர்க்காததா என்று கேட்டேன். பரிமாறிய தம்பி உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து, "வெள்ளை மயோனைஸ்தான் சார்" என்றார். மகன் அதற்குள் பாதியை முடித்திருந்தான்.