கிரேடிங் என்பதற்கு 'நிறப்பதம்': சஸ்பீரியா வட்டுகளை முன்வைத்து

அனைவருக்கும் வணக்கம்.

டாரியோ அர்ஜென்டோவின் இத்தாலியத் திகில் படமான 'சஸ்பீரியா'வுக்கு (1977) வந்த டிவிடி, ப்ளூ-ரே வட்டுகளை ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது பத்தியில் நின்றுவிட்டது. காரணம் ஒரே ஒரு சொல். எடுத்த படத்தின் நிறமும் ஒளியும் எப்படித் தெரிய வேண்டும் என்று காட்சிக்குக் காட்சி அமைக்கும் 'கலர் கிரேடிங்' என்பதற்கு நம்மிடையே இரண்டு சொற்கள் புழங்குகின்றன: நிறத்திருத்தம், வண்ணத் தரப்படுத்தல். இரண்டையும் வைத்து எழுதிப் பார்த்தேன். இரண்டுமே படிப்பவருக்குத் தப்பான எண்ணத்தைத் தருகின்றன.

தரப்படுத்தலை உடனே தள்ளிவிடலாம். பருத்தியையும் முட்டையையும் தரம் பிரிக்கிறோம். நிறத்தில் முதல் தரம், இரண்டாம் தரம் என்று எதுவும் இல்லை. திருத்தம்தான் பெரிய சிக்கல். திருத்தம் என்றால் ஒரு பிழை இருக்க வேண்டும், சரியானது எதுவென்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். இந்தப் படத்தில் அந்தச் 'சரி' எங்கே இருக்கிறது?

ஒளிப்பதிவாளர் லூச்சானோ தொவோலி படத்தை எடுத்தது அந்தக் காலத்தில் எல்லோரும் பயன்படுத்திய ஈஸ்ட்மன் கலர் நெகட்டிவில்தான். 1937ல் வந்த டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' போன்ற நிறங்கள் வேண்டும் என்று அர்ஜென்டோ கேட்டார். அதற்காக நிறம் ஏற்றிய துணிகளையும் தாள்களையும் சட்டத்தில் கட்டி, நடிகர்களின் முகத்துக்கு மிக அருகில் நிறுத்தி, அவற்றின் வழியே ஒளியைப் பாய்ச்சினார் தொவோலி. ஆனால் பாதி வேலை அதன் பிறகு ரோமில் இருந்த டெக்னிக்கலர் ஆலையில்தான் நடந்தது. திரையரங்குகளுக்கு அனுப்பும் படிகளைச் (பிரிண்ட்) சாய ஒற்று முறையில் அச்சிட்டார்கள். (டை டிரான்ஸ்ஃபருக்கு 'சாய ஒற்று' என்று எழுதுகிறேன், மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.) நெகட்டிவிலிருந்து மூன்று ஜெலட்டின் அச்சுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு சாயத்தில் ஊற வைத்து, வெறும் பிலிமின் மேல் ஒன்றன்பின் ஒன்றாக ஒற்றி எடுக்கும் முறை அது. டெக்னிக்கலரின் ஹாலிவுட் ஆலை 1970களின் நடுவிலேயே அதைக் கைவிட்டிருந்தது. அந்த முறையில் அச்சான கடைசிப் படங்களில் ஒன்று சஸ்பீரியா.

1977ல் அரங்கில் உட்கார்ந்தவர் கண்ட அந்த அடர்சிவப்பு நெகட்டிவில் முழுமையாக இல்லை. சாயம் ஒற்றும்போதுதான் அது முழுதாக வந்தது. இன்றைக்கு நெகட்டிவை எவ்வளவு நுட்பமாக வருடினாலும் (ஸ்கேன் செய்தாலும்) அந்தச் சிவப்பு தானாக வந்துவிடாது. யாராவது ஒருவர் உட்கார்ந்து, இவ்வளவு போதும் என்று முடிவு செய்ய வேண்டும். இந்த முடிவுக்குத்தான் நமக்குச் சொல் இல்லை.

வட்டுகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அமெரிக்காவில் ஆங்கர் பே நிறுவனம் 2001ல் வெளியிட்ட டிவிடிதான் நெடுநாள் பலருக்கும் அளவுகோல். அப்புறம் இத்தாலியில் செய்த ஓர் உயர்தெளிவு (எச்.டி.) மூலப்பிரதியை வைத்து ஐரோப்பிய வெளியீடுகள் வந்தன. 2010ல் பிரிட்டனில் வந்த ப்ளூ-ரே அந்த வரிசையில் ஒன்று. அதில் ஒளி-நிழல் வேறுபாட்டை மிகையாக ஏற்றிவிட்டார்கள். வெளிச்சமான இடங்கள் எரிந்து வெளுத்துப்போயிருக்கின்றன. நிறம் பளிச்சென்று இருப்பதால் முதலில் பார்க்கும்போது பிடித்துவிடும், எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் சிவப்பு ஓர் அளவைத் தாண்டினால் அந்தச் சிவப்புக்குள் இருக்கும் துணி மடிப்பும் சுவரின் சொரசொரப்பும் காணாமல் போய்விடும். மாணவிகள் எல்லோரும் பயிற்சிக்கூடத்தில் படுத்திருக்க, தொங்கும் வெள்ளைத் திரைகளின் மேல் சிவப்பு விழும் காட்சி இருக்கிறதே, அங்கே பயமே அந்தத் துணியில்தான் இருக்கிறது. திரைக்கு அப்பால் யாரோ படுத்திருப்பது நிழலாகத் தெரிய வேண்டும். வெறும் சிவப்புத் தகடாகத் தெரிந்தால் அந்தக் காட்சி செத்துவிட்டது.

2017 இறுதியில் அமெரிக்காவில் சினாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட ப்ளூ-ரே, வெட்டுப்படாத மூல நெகட்டிவை 4கேயில் வருடி, தொவோலியின் மேற்பார்வையில் செய்த மீட்டெடுப்பு (ரெஸ்டோரேஷன்). ஒலியிலும் 1977ன் நான்கு தட ஆங்கிலக் கலவையையே மீட்டார்கள். கோப்ளின் குழுவின் இசை முன்னும் பின்னும் சூழ்ந்து வருவதை அதில்தான் முழுதாகக் கேட்டேன். அடுத்த ஆண்டு பிரிட்டனில் கல்ட்ஃபிலிம்ஸ் வெளியிட்ட ப்ளூ-ரே வேறொரு 4கே மீட்டெடுப்பு. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால் நிறம் ஒத்துப்போகவில்லை. 2019ல் சினாப்ஸே அதே மீட்டெடுப்பை 4கே வட்டாகக் கொண்டுவந்தபோது உயர் ஒளிவீச்சுக்கு (எச்.டி.ஆர்.) ஏற்ப நிறத்தை மறுபடி உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியிருந்தது. இவற்றில் எதை 'நிறத்திருத்தம்' என்பது? எது எதைத் திருத்தியது?

என் பரிந்துரை: நிறப்பதம்.

பதம் என்பது நம் கை நன்றாக அறிந்த சொல். பாகு காய்ச்சும்போது பிசுக்குப் பதம், கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்கிறோம். அதிரசத்துக்கு வேண்டிய பதம் வேறு, கடலை மிட்டாய்க்கு வேண்டிய பதம் வேறு. இரண்டில் ஒன்று பிழை என்று யாரும் சொல்வதில்லை. அதே வெல்லம், அதே அடுப்பு. எப்போது இறக்க வேண்டும் என்று பார்ப்பவர் முடிவு செய்கிறார். சில நொடி தாமதித்தால் முறுகிவிடும், 2010 வட்டுக்கு நேர்ந்தது போல. கிரேடிங்கில் நடப்பது துல்லியமாக இதுதான்.

உங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

* * *

அன்புள்ள நண்பருக்கு, வணக்கம்.

சொல் அழகாக இருக்கிறது. பாகு உவமையும் பொருந்துகிறது. ஆனாலும் மூன்று தயக்கங்கள்.

ஒன்று, பதம் என்றால் சொல் என்றும் பொருள், பதவுரை என்கிறோம். இரண்டாவது இன்னும் கடினம். இதிலிருந்து வினை எப்படி வரும்? பதப்படுத்துதல் என்றால் உணவைக் கெடாமல் வைப்பது, பதனிடுதல் என்றால் தோல் வேலை. செய்பவரை என்ன என்று அழைப்பது? 'நிறப்பதர்' என்று யாராவது எழுதிவிட்டால் அது உள்ளீடற்ற நெல்லான பதராகிவிடும். வினையும் ஆளும் வராத சொல் அகராதியில்தான் இருக்கும், வாயில் நிற்காது.

மூன்று, திருத்தத்தை ஒரேயடியாக ஒதுக்க முடியுமா? பழைய ஈஸ்ட்மன் படிகள் மங்கி, சிவந்துபோய்விடுகின்றன. அதைச் சரிசெய்வது திருத்தம் இல்லாமல் வேறு என்ன? சென்னையில் வேலை செய்பவர்கள் கிரேடிங், டி.ஐ. (டிஜிட்டல் இன்டர்மீடியட்) என்றே பேசுகிறார்கள். அவர்கள் வாயில் இருப்பதை அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன குறை?

* * *

ஐயா, வணக்கம். மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அதில் நீங்கள் சொல்வது சரி.

மங்கிப்போனதை ஈடுகட்டுவது திருத்தம்தான். அங்கே பிழை இருக்கிறது, காரணம் தெரிகிறது, எவ்வளவு மங்கியது என்று அளக்கவும் முடிகிறது. நிறத்திருத்தம் என்ற சொல்லை அந்த வேலைக்கே வைத்துக்கொள்வோம். அது முடிந்த பிறகு தொடங்குவது நிறப்பதம். கிரேடிங் என்ற ஒரே சொல் இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதால்தான் வட்டு விமரிசனங்களில் சண்டை ஓய்வதில்லை. ஒருவர் 'நிறம் தப்பு' என்கிறார், இன்னொருவர் 'ஒளிப்பதிவாளரே ஒப்புக்கொண்டது' என்கிறார். முன்னவர் பேசுவது திருத்தத்தைப் பற்றி, பின்னவர் பேசுவது பதத்தைப் பற்றி. தனித்தனிச் சொல் இருந்தால் அந்த இருவரும் ஒரே பொருளைப் பேச முடியும். பட்டறையில் கிரேடிங் என்றே பேசட்டும், அதில் எனக்குத் தடையில்லை. எழுதும்போது இந்த வேறுபாடு வேண்டும்.

வினைக்கு 'நிறப்பதம் பார்த்தல்' போதும். பாகுக்கு நாம் பதம் 'படுத்துவதில்லை', பதம் பார்க்கிறோம். செய்பவர் நிறப்பதம் பார்ப்பவர். நீளம்தான், ஆனாலும் புரிகிறது. நல்ல சுருக்கம் கிடைக்கும்வரை கலரிஸ்ட் என்றே எழுதலாம். பதவுரையோடு குழப்பம் வராது. நிறம் முன்னால் ஒட்டிக்கொண்டபின் யாரும் அதைச் 'சொல்' என்று படிக்க மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சேர்க்கிறேன். 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்ற பழமொழி இங்கே செல்லாது. இணையத்தில் ஒரே சட்டகத்தை (ஃபிரேம்) நிறுத்திப் பிடித்து, நான்கு வட்டுகளை வரிசையாக ஒட்டித் தீர்ப்பு எழுதுகிறார்கள். சஸ்பீரியாவின் தொடக்கத்தில் விமான நிலையத்தை விட்டு வெளியேறி மழையில் டாக்சியில் போகும் பெண்ணின் முகத்தில் நிறங்கள் நொடிக்கு நொடி மாறுகின்றன. ஒரு சட்டகத்தில் ஆரஞ்சாகத் தெரிவது ஓட்டத்தில் சிவப்பாகவே உறைக்கலாம், பக்கத்தில் நீலம் வந்து போவதால். பதத்தை முழுப் பானையிலும்தான் பார்க்க வேண்டும்.

கட்டுரையின் மூன்றாவது பத்தியை இப்போதைக்கு இப்படி மாற்றி வைத்திருக்கிறேன்: 'சினாப்ஸின் 2017, 2019 வட்டுகளுக்கு மீட்டெடுப்பு ஒன்று, நிறப்பதம் இரண்டு. கல்ட்ஃபிலிம்ஸ் வட்டில் மீட்டெடுப்பும் வேறு, நிறப்பதமும் வேறு. 2010 வட்டின் குறை வருடலில் அல்ல, பதம் முறுகியதில்.' படிக்கும்போது எங்காவது தடுக்கினால் சொல்லுங்கள், ஐயா. 'சாய ஒற்று' பற்றி இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை, அதற்கும் காத்திருக்கிறேன்.