டெட் ஹீத் குழு அமெரிக்க பேண்டுகளின் நகல்தானா?

மூன்றாம்வரிசை:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்ச நாளாக பிரிட்டிஷ் ஜாஸ் பேண்டு லீடர் டெட் ஹீத் பைத்தியம் பிடித்து ஆட்டுகிறது. பேஸி, எலிங்டன், கென்டன் என்று அமெரிக்க பேண்டு லீடர்களையே கேட்டு வளர்ந்தவன் நான். பிரிட்டனில் இப்படி ஒரு பித்தளை முழக்கம் இருந்தது என்றே தெரியாது. நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "அதெல்லாம் கார்பன் காப்பிப்பா. ஒரிஜினல் இருக்கும்போது அதை ஏன் கேட்கிற?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

உண்மையிலேயே நகல்தானா? இல்லையென்றால் எதைக் கேட்டால் வித்தியாசம் பிடிபடும்? இன்னொன்று: 1930-களின் பிரிட்டிஷ் ஹோட்டல் பேண்டு இசைத்தட்டுகள் சில கைக்கு வந்தன. பஞ்சு மூட்டைக்குள் உட்கார்ந்து வாசிப்பது மாதிரி இருக்கிறது. அந்தக் காலமே அப்படித்தானா?

பழந்தட்டு:

காப்பி அடிக்கவும் ஒரிஜினல் பக்கத்தில் இருக்க வேண்டுமே! அந்த வசதிதான் அவர்களுக்கு இல்லை.

அமெரிக்க டிரம்பெட்காரர் லூயி ஆம்ஸ்ட்ராங் 1932-இல் லண்டனில் வாசித்தார். எலிங்டன் 1933-இல் முழுக் குழுவோடு வந்தார். 1935-இல் கதவு சாத்தியாயிற்று. அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் பிரிட்டிஷ் பேண்டுகளை உள்ளே விடவில்லை; பதிலுக்கு பிரிட்டிஷ் தொழிலாளர் அமைச்சகம் அமெரிக்க பேண்டுகளுக்கு அனுமதி தர மறுத்தது. 1956 வரை இதே கதை. நடுவில் பெனி கார்ட்டரை லண்டனுக்கு வரவழைத்தார்கள், ஆனால் ஹென்றி ஹாலின் பி.பி.சி. நடனக் குழுவுக்கு இசை எழுதித் தருவதற்காக. அவ்வளவு பெரிய சாக்ஸபோன்காரரை மேசையில் உட்கார்த்தி எழுத வைத்த சங்கடத்தை என்ன சொல்ல!

அப்புறம் எங்கே கற்றார்கள்? தட்டு, வானொலி, கப்பல். கப்பல் கதைதான் எனக்குப் பிடித்தது. ஜெரால்டோ என்ற பேண்டு லீடர் போருக்குப் பின் அட்லாண்டிக் கடக்கும் குனார்டு கப்பல்களுக்கு இசைக்கலைஞர்களை அனுப்பும் வேலையையும் பார்த்தார். ஜானி டாங்க்வொர்த், ரானி ஸ்காட் போன்ற இளவட்டங்கள் அந்தக் கப்பல்களில் ஏறினார்கள். வழியெல்லாம் பயணிகள் ஆடுவதற்கு வாசிப்பது, நியூயார்க்கில் இறங்கியதும் 52-ஆவது தெருவுக்கு ஓடி பீபாப் என்ற புதுவகை ஜாஸ் கேட்பது. இதற்கு 'ஜெரால்டோவின் கடற்படை' என்றே பெயர் விழுந்தது.

சரி, ஹீத்துக்கு வருவோம். ஒரு பேண்டின் ஓசை புரிய வேண்டுமானால் அது எந்த அறையில் வாசித்துப் பிழைத்தது என்று முதலில் பார்ப்பேன். லண்டன் மே ஃபேர் ஹோட்டலில் அம்ப்ரோஸ் குழு, மான்சென்யூர் உணவகத்தில் லூ ஸ்டோன் குழு என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடுகிறவர்களின் பேச்சு கெடக் கூடாது, ஆடுகிறவர்களின் காலும் தடுமாறக் கூடாது. டிரம்பெட் வாயில் மியூட் என்ற அடைப்பானைச் செருகி அடக்கி ஊதுவார்கள். வயலின் இழையும். பாடகர் ஒரே ஒரு சுற்று பாடிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். உங்களுக்குப் பஞ்சு மூட்டையாகத் தெரிவதில் பாதி இந்த நாகரிகம்தான். ஹாமர்ஸ்மித் பாலேயில் ஜோ லாஸ் வாசித்தது வேறு உலகம். அது பெரிய நடனக்கூடம். அங்கே தாளம் கடைசிச் சுவர் வரை போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

ஹீத் இப்படிப்பட்ட அறைகளில் டிராம்போன் ஊதியவர். லண்டன் பிரிட்ஜ் ரயில் நிலையத்துக்கு வெளியே தெருவில் வாசித்த காலமும் உண்டு. பிறகு ஜாக் ஹில்டன், அம்ப்ரோஸ், ஜெரால்டோ குழுக்கள். சொந்தக் குழு தொடங்கும்போது வயது 40-ஐத் தாண்டிவிட்டது. மனைவி மொய்ராவும் அவரும் சேர்ந்து ஆக்கிய ஒரு பாட்டு போர்க்காலத்தில் ஓடி, அந்த ராயல்டி முதலீட்டுக்குக் கைகொடுத்தது. 1945 முதல் ஞாயிறு இரவுகளில் லண்டன் பலேடியம் அரங்கில் கச்சேரி. அங்கே ஆடுவதற்கு இடமே கிடையாது. வந்தவர்கள் டிக்கெட் வாங்கி, நாற்காலியில் உட்கார்ந்து, காதை மட்டும் கொடுத்தார்கள். மியூட்டைக் கழற்ற இதைவிட நல்ல சாக்கு வேண்டுமா? நான்கு டிரம்பெட், நான்கு டிராம்போன், ஐந்து சாக்ஸபோன் சேர்ந்து ஒரே மூச்சில் வெட்டுவதும், வெட்டிய இடத்தில் டிரம்ஸ் விழுவதும் அந்த மேடையில் பழகியது.

குறையும் சொல்லிவிடுகிறேன். ஒழுங்கு கொஞ்சம் அதிகம். பேஸி குழு சாய்ந்து உட்கார்ந்து வாசிக்கும், ஹீத் குழு நிமிர்ந்தே உட்கார்ந்திருக்கும். ஆனால் அந்த நிமிர்வு யாரையும் பார்த்து எழுதியது இல்லை.

சந்தக்காரி:

அண்ணா, அறைக் கணக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் போரை விட்டுவிட்டீர்களே? பிரிட்டிஷ் கயானாவில் பிறந்த கென் 'ஸ்நேக்ஹிப்ஸ்' ஜான்சன் கரீபியன் பின்னணிக் கலைஞர்களை வைத்துக் கட்டிய குழு, அன்றைக்கு லண்டனில் ஸ்விங் ஜாஸை நன்றாக வாசித்த குழுக்களில் ஒன்று. 1941 மார்ச் 8 அன்று அவர்கள் வாசித்துக்கொண்டிருந்த லண்டன் இரவு விடுதி கஃபே டி பாரி மேல் குண்டு விழுந்தது. தரைக்கடியில் இருப்பதால் பத்திரம் என்று எல்லாரும் நம்பிய இடம். 30 பேருக்கு மேல் செத்தார்கள், ஜான்சனும் மேடையிலேயே. பிழைத்தவர்கள் மற்ற குழுக்களில் போய்ச் சேர்ந்தார்கள்.

ஐவி பென்சன் பெயரையும் யாராவது சொல்ல வேண்டாமா? முழுக்கப் பெண்கள் குழு. 1943-இல் பி.பி.சி. அவர்களை நிலையக் குழுவாக எடுத்ததும் ஆண் லீடர்கள் பொங்கி எழுந்தார்கள். அவருக்கு நிஜத் தலைவலி வேறு: பழக்கி எடுத்த பெண்கள் அமெரிக்கச் சிப்பாய்களைக் கட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டே இருந்தார்கள். அப்படியும் 1980-கள் வரை குழுவை இழுத்துக்கொண்டு போனார்.

பழந்தட்டு:

ஜான்சனை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், நீங்கள் சொன்னது நல்லதாயிற்று. மூன்றாம்வரிசை, உங்கள் நண்பருக்கு ஒரு தட்டு: டாங்க்வொர்த்தின் 1956 வெளியீடு, 'எக்ஸ்பெரிமென்ட்ஸ் வித் மைஸ்'. மூன்று குருட்டு எலிகள் என்ற குழந்தைப் பாட்டை எடுத்துக்கொண்டு, அமெரிக்க லீடர்கள் குட்மேன் வாசித்தால் எப்படி, மில்லர் வாசித்தால் எப்படி, கென்டன் வாசித்தால் எப்படி என்று வரிசையாகக் கேலி செய்வார்கள். இவ்வளவு சுத்தமாக நகலெடுக்கத் தெரிந்தவர்கள் மற்ற நேரத்தில் ஏன் அப்படி வாசிக்கவில்லை என்று அவரையே கேளுங்கள்.

அதே ஆண்டுதான் தடையும் உடைந்தது. கென்டன் பிரிட்டனுக்கு, ஹீத் அமெரிக்காவுக்கு என்று பண்டமாற்று. ஹீத் குழு கறுப்பினப் பாடகர் நாட் கிங் கோலோடு தெற்கு மாநிலங்களில் சுற்றியது. ஏப்ரல் 10 அன்று அலபாமாவின் பர்மிங்காமில் வெள்ளை இனவெறியர்கள் மேடையேறி கோலைத் தாக்கியபோது ஹீத் குழு அதே மேடையில் இருந்தது. மே 1 அன்று நியூயார்க்கின் கார்னகி ஹாலில் வாசித்தார்கள். அந்தப் பதிவு தட்டாகவே வந்திருக்கிறது, அதிலிருந்து தொடங்குங்கள்.

மூன்றாம்வரிசை:

மிக்க நன்றி அண்ணா, நன்றி அக்கா. கார்னகி தட்டைத் தேடுகிறேன். பஞ்சு மூட்டையில் மீதிப் பாதி என்ன?

ஊசிமுனை:

அது என் துறை. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டை, பிற்காலத்து எல்.பி. தட்டுக்கான ஊசியில் ஓட்டுகிறீர்களா? எல்.பி. ஊசி 1 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவு. 78-இன் பள்ளத்துக்கு 3 மில் அளவில் தடித்த ஊசி வேண்டும், இல்லாவிட்டால் அது அடியில் கிடக்கும் குப்பையில் உரசிக்கொண்டு போகும். ஆம்ப்ளிஃபயரில் ஓசையின் ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்யும் ஆர்.ஐ.ஏ.ஏ. திருத்தமும் எல்.பி.க்கானது. 1930-களின் தட்டில் அதைப் போட்டால் மேல் சுருதியை அநியாயத்துக்கு வெட்டிவிடும். ட்ரெபிளைக் கூட்டிவைத்துக் கேளுங்கள். ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடாதீர்கள், தட்டில் இருக்கும் அரக்கு கரைந்துவிடும்.

டெக்கா கம்பெனி வெளியிட்ட ஹீத்தின் தட்டுகள் பளிச்சென்று இருப்பதற்கும் காரணம் உண்டு. போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களின் ஓசையை இனம்பிரித்துக் கேட்கப் பயிற்சித் தட்டுகள் வேண்டும் என்று டெக்காவிடம் கேட்டார்கள். அந்த வேலையில் டெக்கா பொறியாளர் ஆர்தர் ஹாடியின் குழு பதிவை 14,000 ஹெர்ட்ஸ் வரை நீட்டியது. போர் முடிந்ததும் அதே நுட்பம் ஹீத்தின் சிம்பலுக்கு வந்து சேர்ந்தது. ஊசியை மாற்றிவிட்டு அம்ப்ரோஸ் தட்டை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள், எவ்வளவு மாறியது என்று இங்கேயே எழுதுங்கள்.