நாற்று நுனியில் பஞ்சுப் பொட்டு: குருத்துப்பூச்சி முட்டைதானா?

வயல்வரப்பு கேட்டது:
சம்பா நாற்றங்கால், 24 நாள் ஆகுது. இலை நுனிக்குச் சற்றுக் கீழே வெளிர்பழுப்பில் கம்பளித் துணுக்கு ஒட்டின மாதிரி பொட்டுகள். குருத்துப்பூச்சி முட்டையா, சிலந்திக் கூடா? மூணு நாளில் பறிச்சு நடணும். இப்பவே மருந்து அடிக்கலாமா?

ஈரநிலம்:
மஞ்சள் குருத்துப்பூச்சியோட முட்டைக் குவியல் மாதிரிதான் தெரியுது. பெண் அந்துப்பூச்சிக்கு முன்சிறகு வைக்கோல் மஞ்சள், நடுவில் ஒரே ஒரு கறுப்புப் பொட்டு, வால் முனையில் ரோமக் கொத்து. இருட்டினதும் இலையில் உட்கார்ந்து 15 முதல் 80 முட்டை வரை குவியலா வைக்கும். வால் ரோமத்தை உதிர்த்து அதன் மேல் போர்த்திவிடும்.

உறுதி செய்ய, ஊசியால் ரோமத்தை ஒதுக்கி 10 மடங்கு லென்ஸில் பாருங்க. தட்டையான நீள்வட்டத்தில் பால்வெள்ளை முட்டைகள் தெரியும். பொரிக்க 5 முதல் 8 நாள். கடைசி நாளில் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் புழுவின் கறுப்புத் தலை தெரியும். சிலந்திப் பையை இழுத்தால் நூலா வரும், ரோமமா உதிராது. அதைக் கிள்ளிடாதீங்க, பூச்சி தின்னி அது.

கழனி:
மருந்து இப்ப வேண்டாம் தம்பி. அந்தப் போர்வையைத் தாண்டி உள்ளே சரியா இறங்காது. அந்த முட்டைக்குள்ளேயே தன் முட்டையை வைச்சு அழிக்கிற, நமக்கு நல்லது செய்யும் சின்னக் குளவிகள்தான் முதல்ல சாகும்.

நாற்றைப் பறிச்சுக் கட்டினதும் நுனியை ஓரங்குலம் அரிஞ்சிடுங்க. குவியல் அதுக்குக் கீழே இருந்தா அந்த இலையை மட்டும் தனியாக் கிள்ளணும். அரிஞ்சதை வரப்பில் போட்டா வேலை வீண்: பொரிச்ச புழு நூலில் தொங்கிக் காற்றோட பக்கத்துப் பயிருக்குப் போயிடும். தண்டுக்குள்ளே புகுந்த பிறகு அதை எட்டிப் பிடிக்க முடியாது. பாக்டீரியா இலைக்கருகல் வழக்கமா வர்ற வயல்னா நுனி அரியவே வேண்டாம், வெட்டுக்காயம் வழியா நோய் ஏறும். அங்கே குவியல் இருக்கிற இலையை மட்டும் பொறுக்குங்க.

அரிஞ்சதையும் பொறுக்கினதையும் எரிக்காம ஒரு மண்சட்டியில் போட்டு, மண்ணெண்ணெய் விட்ட தண்ணீர்த் தட்டு நடுவில் வைங்க. புழு தண்ணியில் சாகும், குளவி பறந்து வயலுக்குப் போகும்.

வயல்வரப்பு:
நட்ட பிறகு முட்டை ஒட்டுண்ணி அட்டை கட்டினா போதுமா அண்ணே?

ஈரநிலம்:
டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம்ங்கிற குளவி வளர்ற முட்டைகளை ஒட்டின அட்டை, ஏக்கருக்கு 2 சி.சி. (அந்த முட்டைகளின் அளவு), நட்ட 30, 37ஆம் நாள்களில். சின்னத் துண்டுகளா நறுக்கி, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் பொருத்துங்க. அந்த வாரம் மருந்து தெளிக்கக் கூடாது.

ஆனா அதன் பலனுக்கு ஒரு எல்லை உண்டு. குளவி மிகச் சிறிசு, ரோமத்துக்கு அடியில் இருக்கிற முட்டைகளை முழுசா எட்டாது. வயல்லயே இருக்கும் டெலினோமஸ் குளவி, அந்துப்பூச்சி முட்டை வைக்கும்போதே, போர்த்துவதற்கு முன்னாடியே வந்து குத்திடும். டெட்ராஸ்டிகஸ் குளவி இன்னும் மேல், அதோட ஒரு புழுவே ஒன்றுக்கு மேற்பட்ட முட்டையைத் தின்னும். சட்டி முறையை கழனி அண்ணன் சொன்னது இதுங்களைக் காப்பாத்தத்தான்.

கழனி:
யூரியாவை ஒரே தடவையில் கொட்டாதீங்க. கரும்பச்சையா வளர்ந்த பயிரைத் தேடித்தான் அந்து வந்து முட்டை வைக்கும். நட்ட வயலில் சதுர மீட்டருக்கு 2 குவியல் தெரிஞ்சா எழுதுங்க, அப்ப மருந்து பற்றிப் பேசலாம்.