'திரும்பிப் பார்க்கவில்லை' என்று ஆசிரியை எழுதிய வரி

மழைக்குருவி:
பரிந்துரைக் கடிதத்தின் நகலை ஆசிரியை எனக்கும் அனுப்பியிருந்தார். படிக்கட்டில் ஏறிக்கொண்டே படித்தேன். எல்லாம் பாராட்டுதான். கடைசிப் பத்தியில், 'சின்ஸ் தென் ஷி ஹேஸ் நெவர் லுக்ட் பேக்.' கால் அந்தப் படியிலேயே நின்றுவிட்டது. போனவள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று எழுதிவிட்டாரே! நான்கு ஆண்டுகள் ஒரு வரி எழுதாமல் இருந்துவிட்டு, பரிந்துரை கேட்கத்தான் அவரை நாடினேன். அதனால் சுருக்கென்று தைத்தது. அன்றிரவே மன்னிப்புக் கேட்டு நீளமாக எழுதி அனுப்பினேன். பிறகுதான் அகராதியைப் புரட்டினேன். அன்று முதல் அவளுக்கு ஏறுமுகம் என்பதுதான் அந்த வரியின் பொருள். தமிழில் திரும்பிப் பார்க்காதவர் நன்றி மறந்தவர். ஆங்கிலத்தில் அவர் தடையின்றி முன்னேறியவர். உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

நிலாமுற்றம்:
எனக்கு நேர்ந்தது இதைவிடக் கொடுமை. தோழி தன் மறைந்த அப்பாவின் பழைய படம் ஒன்றை அனுப்பினாள். சைக்கிளில் எங்கள் இருவரையும் உட்காரவைத்து அவர் மிதிக்கும் படம். 'இட் டுக் மீ அபேக்' என்று பதில் எழுதினேன். "அப்பா படத்தைப் பார்த்து நீ ஏன் அதிர்ந்துபோனாய்?" என்று கேட்டாள். பழைய நாள்களுக்கே கொண்டுபோய்விட்டது என்று சொல்ல நினைத்தவள் நான். அதற்கு 'டுக் மீ பேக்' என்று எழுதியிருக்க வேண்டும். ஓர் 'அ' கூடிவிட்டது. 'அபேக்' மாலுமிகளின் சொல்லாம். எதிர்க்காற்று பாயைப் பாய்மரத்தோடு அழுத்திக் கப்பலைத் திணறவைக்கும் நிலை அது. அந்தப் படத்தை என்னால் இன்றும் நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை.

கல்மண்டபம்:
பழைய மாணவர் கூட்டத்தில் 'லெட் அஸ் ரேக் அப் அவர் ஓல்ட் மெமரீஸ்' என்று பேச்சைத் தொடங்கினேன். முன்வரிசையில் இருவர் தலைகுனிந்தார்கள். ஒரு காலத்தில் அடித்துக்கொண்டவர்கள். பழைய குப்பையைக் கிளறுவோம் என்றல்லவா அழைத்திருக்கிறேன்!

எல்லோருக்கும் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். வாழ்க்கையை நினைத்துப் பார்ப்பதற்கு 'லுக் பேக் ஆன்' மட்டுமே சரி. 'அட்' போட்டால் பிழை. 'திங்க் பேக்' என்றால் பின்னால் பெரும்பாலும் 'டு' வரும். 'டேக் பேக்' நினைவைப் பற்றியதானால் ஆளை நடுவில் வையுங்கள்: 'தட் ஸ்மெல் டேக்ஸ் மீ பேக்.' சொன்னதைத் திரும்பப் பெறுவதும் அதே 'டேக் பேக்'தான், கவனம். இன்றும் இருக்கும் பழம்பொருளுக்கு 'டேட்ஸ் பேக் டு' என்று நிகழ்காலத்தில் எழுதுங்கள்: 'மேக்னா கார்ட்டா டேட்ஸ் பேக் டு 1215.' (மேக்னா கார்ட்டா இங்கிலாந்தின் பழைய உரிமைச் சாசனம்.) நடந்தது பழைய காலம் என்பதற்காக வினையையும் இறந்தகாலத்துக்குத் தள்ள வேண்டாம். 'ஹார்க் பேக்' வேட்டையில் பிறந்தது. மோப்பம் தவறிய நாய்களை வந்த வழியே திருப்பும் குரல். பேச்சை மீண்டும் பழைய விஷயத்துக்கே இழுப்பவரைப் பற்றிச் சொல்ல அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

தாழம்பூ:
கல்மண்டபம், 'அட்' பிழை என்பதை நான் ஏற்கமாட்டேன். 'லுக்கிங் பேக் அட் மை ஸ்கூல் டேஸ்' என்று நன்றாக எழுதுகிறவர்களே எழுதுகிறார்கள். 'ஆன்' வந்தால் அசைபோடும் தொனி சற்றுக் கூடும், அவ்வளவுதான். இதே விதியைச் சொல்லி என் விடைத்தாளில் ஒருவர் மதிப்பெண்ணைக் குறைத்தார். அந்தச் சிவப்புக் கோடு இன்னும் கண்ணில் நிற்கிறது.

கல்மண்டபம்:
தேர்வில் 'ஆன்' எழுதினால் யாரும் கோடு போடமாட்டார்கள். அதற்காகத்தான் சொன்னேன்.

தாழம்பூ:
அப்படியானால் 'பாதுகாப்பானது' என்று சொல்லுங்கள், 'பிழை' என்று சொல்லாதீர்கள்.

மழைக்குருவி:
நான் கேட்க வந்தது வேறு. ஆசிரியை இன்னும் பதில் எழுதவில்லை. அந்த வரியைத் தவறாகப் புரிந்துகொண்டேன் என்று இன்னொரு கடிதம் எழுதட்டுமா?

நிலாமுற்றம்:
வேண்டாம் தோழி. நான்கு ஆண்டு மௌனத்துக்கு அந்த மன்னிப்பு எப்படியும் அவருக்குச் சேர வேண்டியதுதானே.