புதுப்பிப்பு: வெளி ஹெப்ரிடீஸ் கார்ப் பயணம், வடக்கிலிருந்து தெற்கு

ஸ்காட்லாந்தின் வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளை ஜூன் கடைசியில் காரில் சுற்ற எந்தத் திசை நல்லது என்று முன்பு கேட்டிருந்தேன். முடிவாகிவிட்டது. பெருநிலத்துத் துறைமுகமான உல்லாபூலில் படகேறி வடக்கே லூயிஸில் உள்ள ஸ்டோர்னோவே, அங்கிருந்து தெற்கே பாரா தீவு வரை.

முடிவைத் தீர்மானித்தது ஞாயிற்றுக்கிழமைதான். லூயிஸ், ஹாரிஸ் பகுதியில் ஞாயிறை ஓய்வு நாளாகக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் பிரெஸ்பிட்டேரியன் என்ற புராட்டஸ்டன்ட் மரபு வலுவானது; ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடிக் கிடக்கும். தெற்கு யூயிஸ்டும் பாராவும் கத்தோலிக்கப் பகுதிகள், அங்கே அவ்வளவு கட்டுப்பாடு இல்லை. அதனால் வார நாள்களில் லூயிஸில் உள்ள பழங்கால காலனிஷ் கற்களும் ஹாரிஸில் உள்ள லஸ்கன்டயர் கடற்கரையும், ஞாயிறு தெற்கில்.

தீவுகளுக்கு இடையே லெவர்பர்க் (ஹாரிஸ்)–பெர்னரே, எரிஸ்கே–பாரா ஆகிய இரண்டு இடங்களில் மட்டும் காரோடு படகேற வேண்டும். பெர்னரேயிலிருந்து எரிஸ்கே வரை கடலுக்குக் குறுக்கே போட்ட சாலைகளிலேயே போய்விடலாம். கோடையில் காருக்கான இடம் சீக்கிரம் நிரம்பும், முதலில் படகைப் பதிவு செய்யுங்கள், தங்குமிடம் அப்புறம்.

பாராவில் விமானம் கடற்கரை மணலிலேயே இறங்கும், நேரம் கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்தது. அதைப் பார்க்காமல் நான் திரும்பப் போவதில்லை! ஒற்றைத் தடச் சாலைகளில் எதிர்வரும் வண்டிக்கு வழிவிட ஒதுங்கும் இடங்களில் காரை நிறுத்தாதீர்கள் என்று சொன்னவர்களுக்கு மிக்க நன்றி. பாராவின் காசில்பேயிலிருந்து பெருநிலத்தில் உள்ள ஓபனுக்குத் திரும்பும் படகு மட்டும் நான் இன்னும் பதிவு செய்ய வேண்டும்.