கோலாக் கொட்டையை அவசரப்பட்டுக் கடித்தவர் நான் மட்டும்தானா?

எனுகுவாசி:
நைஜீரியாவில் இருந்தவர்களுக்குக் கோலாவைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: வந்த விருந்தாளிக்கு முதலில் நீட்டும் கசப்பான கொட்டை அது. தென்கிழக்கு நைஜீரியாவின் எனுகு நகருக்கு அருகே இக்போ இனத்தவரின் கிராமம், உடன் வேலை பார்த்தவரின் தந்தை வீடு. உட்கார்ந்ததும் மரத்தட்டு என் முன்னால் வந்தது. ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டேன். ‘கடக்’. பத்துப் பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். தட்டு எல்லோர் கைக்கும் போய் வீட்டுக்காரரிடமே திரும்பி, பெரியவர் வேண்டிக்கொண்ட பிறகுதான் கொட்டையைப் பிளக்க வேண்டுமாம். பெரியவர் திட்டவில்லை. வேறொரு கொட்டையை எடுத்து முதலிலிருந்து தொடங்கினார், இக்போ மொழியில். கோலாவுக்கு ஆங்கிலம் புரியாதாம். உள்ளே நான்கு பருப்பு. எக்கே, ஓரியே, அஃபோ, என்க்வோ என்று இக்போ வாரத்தின் நான்கு சந்தை நாள்களையும் சொல்லி எண்ணினார். அதுவரை வாயிலிருந்த கசப்பைத் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

கானோக்காரன்:
நான்கு பருப்பா? நான் பார்த்ததெல்லாம் இரண்டுதான். இங்கே வடக்கே கானோவில் ஹவுசா இனத்தவர் கோலாவைக் கோரோ என்பார்கள். நெடும்பயணத்தில் ஓட்டுநர் பாதியைப் பிய்த்து நீட்டினார், மென்றேன், கதை முடிந்தது. தட்டும் இல்லை, வேண்டுதலும் இல்லை. நம் வெற்றிலை பாக்கு போலத்தான். நீங்கள் மிகைப்படுத்துகிறீர்கள்.

லாகோஸ் அக்கா:
கானோ தம்பி, இரண்டும் வேறு வேறு மரம். இரண்டாகப் பிளப்பது கோலா நிட்டிடா. இக்போக்கள் சடங்குக்கு வைப்பது கோலா அக்குமினாட்டா. அதில் மூன்று, நான்கு, ஐந்துகூட இருக்கும். வெற்றிலை பாக்கு விடைபெறும்போது கொடுப்பது, இது வந்ததும் கொடுப்பது. எப்படி ஒன்றாகும்? என் அனுபவம் சிறியது: பெண் உடைக்கக் கூடாது என்றார்கள், எரிச்சல் வந்தது. இனிப் போகிறவர்கள் கேளுங்கள். வலக்கையால் வாங்குங்கள். பிடிக்காவிட்டாலும் நகக்கண் அளவாவது வாயில் போடுங்கள். நிலக்கடலை விழுது வைத்திருந்தால் தாராளமாகத் தொட்டுக்கொள்ளுங்கள், கசப்பு அடங்கும். காஃபின் இருக்கிறது, இரவில் வேண்டாம், தூக்கம் போய்விடும். அடிக்கடி மென்றால் பல்லில் கறை படியும். வாங்கி வந்ததை வெயிலில் வைக்காமல் ஈர இலையில் சுற்றி வையுங்கள்.

எனுகுவாசி:
அறிவுரை கேட்கவில்லை அக்கா, இருந்தாலும் நன்றி. விடைபெறும்போதும் கொடுக்கிறார்கள். கிளம்பும்போது பெரியவர் ஒரு முழுக் கொட்டையை என் உள்ளங்கையில் வைத்து, “வீடு போய்ச் சேர்ந்ததும் எங்கிருந்து வந்தது என்று கோலாவே சொல்லும்” என்றார். சுங்கச் சோதனைக்குப் பயந்து லாகோஸ் விமான நிலையக் குப்பைத் தொட்டியில் அதைப் போட்டுவிட்டேன். கடித்ததை அவர் அன்றே மறந்திருப்பார். இதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.